நின்றுபோன நீராலை மறுபடி சுற்ற: வாசகர் கேள்வி – பதில்

தாத்தா ஓட்டி, அப்பா பூட்டி, பேரப்பிள்ளைகள் திறக்கும் பழைய நீராலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தண்ணீர்ச் சக்கரத்தால் சுற்றி, இரண்டு கல்லுக்கு நடுவே தானியம் அரைக்கும் ஆலைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தாத்தா ஓட்டிய ஆலை நாற்பது வருடமாக நிற்கிறது. அப்பா பாதி வேலை செய்து அப்படியே விட்டுவிட்டார். மதகைத் திறந்து, சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: திறக்காதீர்கள். நின்ற ஆலைகளுக்கு அந்த ஒரு சுற்றில்தான் பெரிய சேதம் நடக்கிறது. பல வருடம் ஒரே நிலையில் நின்ற சக்கரத்தின் அடிப்பாதி தண்ணீரில் ஊறிக் கனத்திருக்கும், மேல்பாதி காய்ந்து லேசாகியிருக்கும். கனமான பாதி உச்சிக்கு ஏறி மறுபக்கம் விழும்போது சக்கரம் கட்டுக்குள் நிற்காது. அச்சு மரமாக இருந்தால் அதன் இரு முனையிலும் செருகியிருக்கும் இரும்பு முளைகள், மரம் சுருங்கியதால் ஆட்டம் கண்டிருக்கும். உள்ளே பற்சக்கரத்தில் ஒரே ஒரு பல் உடைந்து நடுவில் சிக்கினாலும் வரிசையாகப் பத்து இருபது பற்களைப் பெயர்த்துவிடும்.

முதலில் கூரை. அடுத்து சுவரோரம் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால். சுவரில் பதிந்திருக்கும் உத்தர முனைகளை ஒவ்வொன்றாகக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் அந்த முனை உளுத்திருக்கிறது. ஈரமானியில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் மரத்தில் பூஞ்சை வளரும், அதைக் காயவைக்காமல் மருந்து அடிப்பது வீண். கட்டடம் நிமிர்ந்த பிறகு வாய்க்காலும் மதகும், பிறகு சக்கரமும் அச்சும், பிறகு பற்சக்கரங்கள். கல் கடைசி. கல்லில்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் தரை இறங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் கல்லை மட்டம் பிடித்துப் பயனில்லை.

சக்கரத்தை முதன்முறை கையால் திருப்பும்போது மதகைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லைச் சுழற்றும் சிறு பற்சக்கரத்தைப் பெரியதிலிருந்து விலக்கி வையுங்கள். வெளியே இருவர் சக்கரத்தைப் பிடித்துக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நகர்த்த, உள்ளே ஒருவர் விளக்கோடு பற்களைப் பார்க்க வேண்டும். தண்ணீர் விடும் நாள் அதற்குப் பல மாதம் கழித்துத்தான்.

கேள்வி: தாத்தா காலத்தில் மரச்சக்கரம் இருந்ததாம். அப்பா அதை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் வைத்தார். மரத்துக்குத் திரும்பினால்தான் உண்மையான மீட்பு என்கிறார் அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இரும்புச் சக்கரம் நல்ல நிலையில் இருந்தால் அதையே காப்பாற்றுங்கள். அப்பா செய்த மாற்றமும் அந்த ஆலையின் வரலாறுதான். ஆலைகள் எக்காலத்திலும் மாறிக்கொண்டே வந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் ஆலைகளில் வார்ப்பிரும்பு அச்சுகளைப் பொருத்தத் தொடங்கிவிட்டார். வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் நிலைப்பாடும் இதுவே: ஊகித்துப் பழமையை உருவாக்குவதைவிட, இருப்பதைப் பழுது பார்ப்பது மேல்.

இரும்பு துருப்பிடித்து மீட்க முடியாத நிலை என்றால் மட்டும் அண்ணனின் யோசனைக்கு வரலாம். அப்போதும் ஆதாரம் தேடுங்கள். சக்கரக் குழியின் சுவரில் பழைய சக்கரம் உரசிய வளைகோடு இருந்தால் விட்டம் கிடைத்துவிடும். பழைய மர அச்சு எங்காவது உத்தரமாகவோ படிக்கட்டாகவோ கிடக்கிறதா பாருங்கள். அதிலுள்ள துளைகளை எண்ணினால் சக்கரத்துக்கு எத்தனை கை இருந்தது என்று தெரியும்.

கேள்வி: வாய்க்காலில் முன்புபோல் தண்ணீர் இல்லை. இருக்கிற தண்ணீருக்குக் கல் சுற்றுமா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மூன்று அளவு போதும். வாய்க்காலின் நேரான பகுதியில் 10 மீட்டர் குறித்து, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 20 நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். வாய்க்கால் 1 மீட்டர் அகலம், 0.25 மீட்டர் ஆழம் என்றால் பெருக்கி வருவது 0.125 கன மீட்டர். அடியிலும் ஓரத்திலும் தண்ணீர் மெதுவாக ஓடுவதால் 0.8-ஆல் பெருக்குங்கள்: நொடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது 100 லிட்டர். அடுத்தது, மேல் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே வெளியேறும் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். அது 3.3 மீட்டர் என்று வைப்போம். 9.81 × 0.1 × 3.3 = 3.24 கிலோவாட். தண்ணீர் மேலிருந்து விழும் சக்கரம் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் இதில் 60 விழுக்காட்டை நம்பலாம், ஏறக்குறைய 1.9 கிலோவாட். பற்சக்கரங்களில் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

120 செ.மீ. விட்டமுள்ள கல் முழுத் தீனியில் அரைக்க 3 கிலோவாட் அளவில் கேட்கும். ஆக, இந்தத் தண்ணீருக்குத் தீனியைக் குறைத்து மெதுவாக அரைக்கலாம், அல்லது 90 செ.மீ. கல் வைக்கலாம், அல்லது தண்ணீரைச் சேர்த்து வைக்கலாம். மூன்றாவதுதான் பழைய ஆலைக்காரர்கள் செய்தது. ஆலைக்கு மேலே மண் மூடிக் கிடக்கும் பள்ளம் பெரும்பாலும் அவர்களின் குளம். 30 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 720 கன மீட்டர். நொடிக்கு 100 லிட்டர் வந்துகொண்டிருக்க, 200 லிட்டராகத் திறந்துவிட்டால் குளம் 2 மணி நேரம் தாங்கும்.

தண்ணீர் அடியில் மோதித் தள்ளும் சக்கரம் என்றால் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து விழும் தண்ணீர், அடியில் மோதும் தண்ணீரைவிட இரு மடங்கு வேலை வாங்கித் தரும் என்பதை ஸ்மீட்டன் 1759-ல் மாதிரிச் சக்கரங்களை வைத்து அளந்து காட்டினார். ஒரே நாள் அளவை நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை, ஒரு வருடம் அளந்தால்தான் ஆலை எந்த மாதங்களில் ஓடும் என்று சொல்ல முடியும். தண்ணீர் எடுக்கவும், மீன்கள் போய்வர வழி விடுவதற்கும் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும், குளத்தைத் தூர்வாருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பா கற்சுவரின் இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசினார். இப்போது உள்பக்கம் ஓயாமல் ஈரம். ஏன்?

பதில்: சுவருக்குள் போன தண்ணீர் முன்பு சுண்ணாம்புச் சாந்து வழியாக ஆவியானது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. கல்லைவிடச் சிமென்ட் கடினமானதால், உப்பும் உறைபனியும் இனி சாந்தைத் தின்னாமல் கல்லின் ஓரத்தைத் தின்னும். சுத்தியலும் மெல்லிய உளியும் கொண்டு கையால் எடுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பை வெட்டிவிடும். கல் உடைந்தால்தான் வரும் என்கிற இடத்தில் விட்டுவிடுங்கள், சில வருடத்தில் தானே தளரும். இடுக்கின் அகலத்தைப்போல இரு மடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் இரண்டரைப் பங்கு கலந்து அழுத்தி அடையுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: சக்கரத்தில் தண்ணீர் ஏந்தும் பெட்டிகளைப் புதிதாகச் செய்கிறோம். ஓக் பலகைக்குச் சாதாரண இரும்பு போல்ட் போதுமா?

பதில்: போதாது. ஓக்கில் உள்ள துவர்ப்பு அமிலம் ஈரத்தோடு சேர்ந்து சாதாரண இரும்பை அரித்துவிடும், துளையைச் சுற்றி மரமும் கறுத்து இற்றுப்போகும். 316 தர எவர்சில்வர் போல்ட் போடுங்கள். பலகையில் வெளிறு இருக்கக் கூடாது, வைரம் பாய்ந்த பகுதி மட்டும். எதிரெதிர்ப் பெட்டிகளை எடைபோட்டு ஜோடி சேர்த்துப் பொருத்தினால் சக்கரம் சீராகச் சுற்றும். வேலை முடிந்த பிறகு, ஆலை ஓடாத நாட்களிலும் சில நாளுக்கு ஒருமுறை சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி நிறுத்துங்கள். மரச்சக்கரத்தின் ஆயுளை நீட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

கேள்வி: பெரிய பற்சக்கரம் இரும்பு, ஆனால் பற்கள் மரம். பதினைந்து பல் தேய்ந்துவிட்டது. தேய்ந்ததை மட்டும் மாற்றலாமா?

பதில்: முழு வரிசையையும் மாற்றுங்கள். புதுப்பல் தேய்ந்த பல்லைவிட எடுப்பாக நிற்கும், ஒவ்வொரு சுற்றிலும் பாரம் முழுவதும் அதன்மேல் விழும், அது முறியும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு மாற்றினால் பக்கத்துப் பற்களின் தேய்மானத்துக்குச் சமமாகச் சீவி வைக்க வேண்டும்.

இரும்பில் மரப்பல் வைத்தது சிக்கனத்துக்காக இல்லை. மரமும் இரும்பும் உரசினால் சத்தம் குறைவு, தீப்பொறி வராது, ஏதாவது சிக்கினால் மரப்பல் முறியும், சக்கரம் தப்பும். ஐரோப்பிய ஆலைகளில் ஹார்ன்பீம், ஆப்பிள் மரங்கள் இதற்குப் பேர்போனவை. எந்த மரமானாலும் நார் நெருக்கமானதாக, முறுக்கில்லாததாக இருக்க வேண்டும். நார் பல்லின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் நாளே முறியும். காற்றில் காயவைக்க 25 மி.மீ. கனத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு வையுங்கள்.

பல்லின் அடிப்பகுதியைத் துளைக்குள் சுத்தியலால் அடித்து இறுக்கி, பின்பக்கம் ஆப்பு வைத்துப் பூட்டுங்கள். தலைப்பகுதியைச் சற்றுப் பெரிதாகவே விட்டு வையுங்கள். எல்லாப் பற்களும் ஏறிய பிறகு, சட்டத்தில் அசையாமல் கட்டிய பென்சில் பல்லைத் தொட, சக்கரத்தைக் கையால் திருப்பினால் வட்டக்கோடு விழும். அந்தக் கோட்டில் கவராயத்தால் இடைவெளியைச் சமமாகப் பிரித்துக் குறித்து, பிறகு ஒவ்வொரு பல்லையும் வடிவத் தகட்டுக்குச் சரியாகச் சீவுங்கள். தேன்மெழுகும் கிராஃபைட்டும் கலந்து தேய்த்தால் போதும்.

பற்களை எண்ணும்போது 80 வர வேண்டிய இடத்தில் 81 வந்தால் பழைய தச்சர் தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 80-க்கு 20 என்றால் சிறிய சக்கரத்தின் ஒரு பல், பெரியதன் அதே நான்கு பற்களை மட்டுமே காலமெல்லாம் சந்திக்கும், ஒரு பல்லின் குறை எதிர்ப்பல்லில் குழியாக இறங்கும். 81-க்கு 20 என்றால் சிறியது 81 சுற்று சுற்றிய பிறகே அதே ஜோடி மறுபடி சேரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும். அந்த ஒற்றைப் பல்லைக் ‘கூடுதல்’ என்று யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல் கொத்தும் வேலை எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவோடு போய்விட்டது. நாங்களே கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும், பொறுமை வேண்டும். தூக்குவதிலிருந்து தொடங்குவோம், ஆபத்து அங்கேதான். 120 செ.மீ. விட்டம், 30 செ.மீ. கனமுள்ள மேல்கல்லின் எடை 800 கிலோவைத் தாண்டும். பழைய மரத் தூக்குச் சட்டம் இருந்தாலும் அதை நம்பாமல் 2 டன் செயின் பிளாக்கைச் சோதித்த உத்தரத்தில் மாட்டுங்கள். கல்லைப் பிடித்துத் தூக்கும் இரு வளைகைகளின் முளைகள் கல்லின் பக்கத் துளைகளில் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும். கல் ஏற ஏற அடியில் மரக்கட்டை அடுக்கிக்கொண்டே வாருங்கள். கையோ காலோ கல்லுக்கு அடியில் ஒரு கணமும் போகக் கூடாது. உயர்ந்ததும் முளைகளில் திருப்பி மல்லாத்தலாம்.

கொத்துவதற்கு முன் முகத்தைச் சோதிக்க வேண்டும். நேரான மரத்தில் செய்த மட்டக்கோலின் விளிம்பில், தண்ணீரில் குழைத்த காவியைப் பூசிக் கல்மேல் இழுங்கள். மேடான இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டும். அதைக் கொத்தி, மறுபடி இழுத்து, வெளிவட்டம் முழுவதும் சீராகச் சிவப்பு படும்வரை தொடருங்கள். கீழ்க்கல் மட்டமாக இருக்கும். மேல்கல் வெளிவட்டத்தில் மட்டமாகவும், தானியம் விழும் நடுத்துளையான கண்ணை நோக்கிப் போகப் போகச் சற்றுக் குழிந்தும் இருக்கும். தானியம் உடைபடாமல் உள்ளே நுழைய அந்தக் குழிவு வேண்டும். ஓடும்போது கண்ணருகே தடித்த பழுப்புத்தாள் அளவும், விளிம்பில் மெல்லிய தாள் அளவும் இடைவெளி என்பது ஆலைக்காரர்களின் பழைய கணக்கு.

அடுத்து வரிப்பள்ளங்கள். 120 செ.மீ. கல்லில் பொதுவாகப் பத்துப் பாகம், பாகத்துக்கு நான்கு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. தானியம் சரிவில் ஏறி மேட்டுப் பகுதிக்கு வந்து அரைபடுகிறது. இரண்டு கல்லிலும் ஒரே வரிதான். மேல்கல் கவிழும்போது இரண்டு வரிகளும் கத்தரியின் இரு அலகுகளைப்போல ஒன்றையொன்று வெட்டிக் கடந்து, மாவை வெளிநோக்கித் தள்ளும். வலப்பக்கம் சுற்றக் கொத்திய கல்லை இடப்பக்கம் சுற்றினால் மாவு வெளியே வராது. ஆகவே கல் எந்தப் பக்கம் சுற்றியது என்று உறுதி செய்யாமல் ஒரு உளியடிகூட விழக் கூடாது. பழைய வரி கண்ணுக்குத் தெரிந்தால் அதையே ஆழப்படுத்துங்கள், புதிதாக வகுக்காதீர்கள். கடைசியாக மேட்டுப் பகுதிகளில், பள்ளத்துக்கு இணையாக மெல்லிய கோடுகள்: கை பழகாதவர் செ.மீ.-க்கு மூன்று கோடு போட்டால் போதும், தேர்ந்தவர்கள் ஆறு போடுவார்கள்.

கல்லிலிருந்து துகள் கிளம்பாமல் தடுக்க முடியாது, நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கலாம். பிரான்சின் லா ஃபெர்த்தே-சூ-ழுவார் ஊரிலிருந்து உலகெங்கும் போன வெண்கற்கள் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. மணற்கல்லிலும் சிலிக்கா நிறைய உண்டு. மிக நுண்ணிய துகளைத் தடுக்கும் பி3 தர முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் உட்காராதீர்கள். கல் கொத்துபவர்களைக் கொன்ற நுரையீரல் நோய்க்கு மருந்து இல்லை.

திரும்பப் பூட்டும்போது கீழ்க்கல்லை ரசமட்டம் வைத்து ஆப்புகளால் சமப்படுத்துங்கள். நடு அச்சு அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, அச்சில் ஒரு மரக்கையை மாட்டி அதன் நுனியில் பறவை இறகின் தண்டைச் செருகிச் சுற்றுங்கள். இறகு கல்லின் விளிம்பை எல்லா இடத்திலும் ஒரே அளவு வருட வேண்டும். ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கினால் அச்சின் அடிப் பேரிங் பெட்டியின் திருகுகளால் நகர்த்திச் சரிசெய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஓட்டினால் ஒரு பக்கம் கல்லோடு கல் உரசும், மறுபக்கம் முழுத் தானியம் வெளியே வரும். பூட்டியதும் முதலில் அரைப்பதில் கல்தூள் வரும். மாவைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு கலக்கி, அடியில் மணல் தங்குவது நிற்கும்வரை அரைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

கற்றுக்கொள்ள நேரில் பார்ப்பதே நல்லது. நெதர்லாந்தில் தன்னார்வ ஆலைக்காரர்கள் 1972-ல் தொடங்கிய சங்கம், பயிற்சியும் தேர்வும் வைத்துப் புதியவர்களை உருவாக்குகிறது. அந்நாட்டு ஆலைக்காரர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூடிப் பயிற்றுவிக்கும் இப்படிப்பட்ட குழு பக்கத்தில் இல்லையென்றால், ஓடுகிற ஆலை ஒன்றில் கல் திறக்கும் நாளைக் கேட்டுப் போய் நில்லுங்கள்.

கேள்வி: மாவு சூடாக வருகிறது, கருகிய வாசனையும் அடிக்கிறது.

பதில்: முதல் சந்தேகம் இடைவெளி. மேல்கல்லை மயிரளவு உயர்த்திப் பாருங்கள். குறையவில்லை என்றால் வேகத்தை எண்ணுங்கள்: 120 செ.மீ. கல்லுக்கு நிமிடத்துக்கு 120 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் கல் மழுங்கிவிட்டது, அரைக்காமல் தேய்க்கிறது. ஈரத் தானியமும் காரணமாகலாம். 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் மாவு பள்ளங்களில் அப்பி, கல் வழவழப்பாகிவிடும். வெளிவரும் மாவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள், பிரச்சினை மூக்குக்கு எட்டும் முன்பே விரலுக்குத் தெரியும்.

கேள்வி: மேல்கல்லின் கண்ணில் பதித்த இரும்புப் பட்டையைச் சுற்றி, சாம்பல் நிற உலோகம் உருக்கி ஊற்றியிருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: நகத்தால் கீறினால் கோடு விழுந்து பளபளக்கிறதா? அப்படியானால் அது ஈயம். அந்தக் கல்லில் உண்பதற்கான எதையும் அரைக்காதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாக ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டபோது, காரணம் ஊர்ப்பொது ஆலைகளின் கல்லில் இரும்பை இறுக்க ஊற்றிய ஈயம் என்று தெரிந்தது. வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. இரும்பு ஆட ஆட ஈயம் தூளாகி மாவில் கலக்கிறது. நெருப்பு காட்டி உருக்கி எடுக்க முயன்றால் புகை நஞ்சு, கல்லும் வெடிக்கும். ஈயம் அகற்றத் தெரிந்தவரைக் கொண்டு வெட்டி எடுத்து, இரும்பைக் கடினமரச் சில்லுகளால் ஆப்பு வைத்து இறுக்குங்கள். பிறகு அரைத்த மாவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே உபயோகியுங்கள். கல்லின் மேல்முகத்தில் சமநிலைக்காக வைத்த பெட்டிகளிலும் ஈயம் இருக்கலாம். அவற்றின் மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: தானியம் கொட்டும் ஹாப்பருக்கு மேலே தோல்பட்டையில் ஒரு மணி தொங்குகிறது. அலங்காரமா?

பதில்: அதைக் கழற்றிவிடாதீர்கள். தானியம் நிறைந்திருக்கும்போது அதன் பாரம் பட்டையை அழுத்தி, மணியைத் தூக்கிப் பிடித்திருக்கும். தானியம் தீரும் தறுவாயில் பட்டை தளர்ந்து மணி இறங்கி அடிக்கும். தானியமில்லாமல் கல்லோடு கல் சுற்றினால் தீப்பொறி, சுற்றிலும் மாவுத்தூசி. 1878 மே 2-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் வாஷ்பர்ன் ஆலை மாவுத்தூசியால் வெடித்து 18 பேர் இறந்தார்கள். உத்தரங்களின் மேல் படியும் தூசியைத் துடைப்பத்தால் அடித்துக் கிளப்பாமல், தூசிக்கு ஏற்ற உறிஞ்சியால் எடுங்கள்.

கேள்வி: அதே சக்கரத்தில் மின்சாரமும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், அரைக்காத நேரத்தில். தண்ணீர்ச் சக்கரத்தின் நிமிடத்துக்கு 9 சுற்றை ஜெனரேட்டரின் 1,000 சுற்றுக்கு ஏற்ற வேண்டியிருப்பதால், மேலே கணக்கிட்ட 1.9 கிலோவாட்டில் நல்ல பங்கு கியரிலேயே போய்விடும். பழைய பற்சக்கரங்களில் துளையிடாமல், கழற்றக்கூடிய பெல்ட்டில் இணையுங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஆர்வமில்லை. பிறகு வரலாம். அவர்களுக்கு எதை விட்டுச் செல்ல வேண்டும்?

பதில்: ஆலைக்குள்ளேயே இருக்கும் ஒரு தடித்த நோட்டு, வீட்டில் அதன் நகல். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எண் பொறித்த தகடு, அதே எண்ணில் நோட்டில் அளவு, படம், ஏன் கழற்றினோம், என்ன மாற்றினோம் என்ற குறிப்பு. கல் கொத்திய தேதி, அதற்குப் பிறகு அரைத்த எடை, மாதந்தோறும் அளந்த தண்ணீர். சரிப்படாமல் போன முயற்சிகளையும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் அதையே மறுபடி செய்வார். சுவரிலும் உத்தரத்திலும் பழைய ஆலைக்காரர்கள் எழுதிய கணக்கு, தச்சர்கள் வெட்டிய அடையாளக் குறி இவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள்.

பொருளாக விடுவதென்றால் பல்லின் வடிவத் தகடும், மட்டக்கோலும், முழு வரிசைக்கான மரத்துண்டுகளும். 75 மி.மீ. கனத்துக்கு மரம் காய மூன்று வருடம் ஆகும். தேவை வரும்போது மரம் தேடுகிறவர்கள் பச்சை மரத்தைச் சீவி, அது சுருங்கித் துளையில் ஆடி, மறுபடி செய்கிறார்கள். ஆகவே இப்போது பல் போடும்போதே இன்னொரு வரிசைக்குச் சேர்த்து அறுத்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, நடுவே குச்சி வைத்துக் காற்றோடும்படி அடுக்கி, அறுத்த வருடத்தை மேல்துண்டில் எழுதி வையுங்கள்.

உரிமையை முன்கூட்டியே பேசி முடியுங்கள். கட்டடம் ஒருவருக்கு, வாய்க்கால் நிலம் இன்னொருவருக்கு என்று பங்கு பிரித்த குடும்பங்களில் ஆலை நிற்பது சக்கரத்தால் அல்ல, மதகுக்குப் போகும் வழி அடைபட்டதால். கட்டடம், குளம், வாய்க்கால், மதகு, தண்ணீர் உரிமை ஐந்தையும் ஒரே பத்திரத்தில், ஒரே பெயரிலோ ஒரே அறக்கட்டளையிலோ வையுங்கள்.